அண்ணா சும்மா இருக்கேல்ல

அண்ணாக்கு ஸ்கிசோஃப்ரினியா எண்ட மனநோய் எண்டு டொக்டர் சொல்லி இந்த வருசத்தோட 11 வருசம். ஏ.எல் சோதினை எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்கு இருந்த நேரம்தான் தொடங்கினது, முதல் நித்திரை போச்சு, பிறகு வளவுக்குள்ள ஆரோ நிண்டு தன்னைப் பத்திக் கதைக்கிறாங்கள் எண்டு விடிய விடிய ஜன்னலடியில நிப்பார், டீவில நியூஸ் வாசிக்கிறவ தன்னைத்தான் சொல்றா எண்டுவார். அம்மா செய்வினை எண்டு நினைச்சு நூல் கட்டி, கழிப்புக் கழிச்சு, பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வச்சு எட்டு மாசம் போயிட்டு. அம்மாவில பிழை சொல்ல ஏலாது, எங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது? ஆனா இந்த வருத்தத்துக்கு எவ்வளவு கெதியா மருந்து தொடங்குறமோ அவ்வளவு நல்லம், அதால அந்த எட்டு மாசத்தை நினைச்சா இப்பவும் நெஞ்சடைக்கும்.

மருந்து தொடங்கிக் கொஞ்ச நாளில குரல்கள் குறைஞ்சிட்டு. எனக்கு அப்பாடா எண்டு இருந்தது. அதுக்குப் பிறகுதான் நான் செய்த பிழை.

அண்ணா கதைக்கிறத விட்டிட்டார். குளி எண்டு சொன்னாத்தான் குளிப்பார், ஒரு பிளேன்டீய வச்சுக்கொண்டு அது ஆறிப்போய் எறும்பு மொய்க்கும் வரைக்கும் விறாந்தையில இருப்பார், சிரிப்பும் இல்ல அழுகையும் இல்ல. வாற சனமெல்லாம் "இப்பதான் சுகமாயிட்டே, பிறகேன் பெடியன் வேலைக்குப் போகாம இருக்கிறான்" எண்டு கேக்குங்கள். நானும் ஒருநாள் கத்திப்போட்டன், சோம்பேறி எண்டு. அண்ணா என்னை ஒருக்காப் பாத்திட்டு உள்ள போனவர், அந்தப் பார்வை மறக்காது.

கிளினிக்கில டொக்டர்தான் இருத்தி வச்சு விளங்கப்படுத்தினவர், "பிள்ளை, அது அவற்ற குணம் இல்ல, அதுவும் வருத்தம்தான்" எண்டு. குரல் கேக்கிறது, சந்தேகம் இதெல்லாம் மூளையில டொப்பமைன் எண்ட ரசாயனம் கூடி வேலை செய்யிறதோட சம்பந்தப்பட்டது, 1950கள்ல இருந்து வந்த மருந்துகள் பெரும்பாலும் அதைத்தான் அடக்கும். ஆனா ஆசை, உற்சாகம், பேச்சு எல்லாம் வத்திப்போற பக்கத்துக்கு அந்த மருந்துகள் பெரிசா உதவாது. 1908ல ஸ்கிசோஃப்ரினியா எண்ட பேரை வச்ச சுவிஸ் டொக்டர் ப்ளாய்லர்கூட குரல் கேக்கிறத ரெண்டாம் இடத்திலதான் வச்சவர், யோசனையும் உணர்ச்சியும் ஒண்டோட ஒண்டு பொருந்தாமப் போறதுதான் அவருக்கு முக்கியமாப் பட்டது. அந்தப் பேரில இருக்கிற மனப்பிளவைத்தான் சனம் ஒரு உடம்புக்க ரெண்டு ஆள் எண்டு பிழையா விளங்கிக்கொண்டு இருக்கு.

இன்னொண்டு, வீட்டில ஏச்சும் குறை சொல்லுறதும் கூட இருந்தா வருத்தம் திரும்ப வாறது கூட எண்டு லண்டன்ல ஜோர்ஜ் பிரவுண் எண்டவர் எப்பவோ ஆராய்ஞ்சு காட்டிட்டார். அதை வாசிச்ச அண்டைக்கு நான் நித்திரை கொள்ளேல்ல.

நடுவில ஒருக்கா உடம்பு ஊதுது எண்டு அண்ணா குளிசைய நிப்பாட்டி, திரும்ப ஜன்னலடிக்குப் போனவர். இப்ப மாசத்துக்கு ஒரு ஊசி, அது எங்களுக்குச் சரிவந்திருக்கு, எல்லாருக்கும் ஒரே மருந்து சரிவராது, டொக்டரோட கதைச்சுத்தான் மாத்தோணும். ஆரை கேக்கிறது எண்டு தெரியாம இருக்கிறவை இலங்கையில எண்டா 1926க்கு அடியுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின்ர லைன், எந்த நேரமும் எடுப்பினம்.

நான் இப்ப ஏசுறதில்ல. பின்னேரத்தில தேங்காயக் கொண்டுபோய்க் குடுப்பன், அண்ணா திருவித் தருவார், சில நாள் பாதியில வச்சிட்டு எழும்பிப் போவார், மிச்சத்தை நான் திருவுவன். ஞாயிற்றுக்கிழமைகளில கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கோட்டைக்குள்ள நிப்பம், அங்க நிக்கிற மான்களப் பாத்துக்கொண்டு அண்ணா எவ்வளவு நேரமெண்டாலும் நிப்பார், நானும் பக்கத்தில நிப்பன், ஒண்டும் கேக்கமாட்டன். போன கிழமை அப்பிடி நிக்கேக்க தானா வாயத் துறந்து சொன்னவர், "அம்மான்ர பிறசர் குளிசை முடியப்போகுது, ரெண்டுதான் கிடக்கு."

பிறகு வீடு வரும்வரைக்கும் ஒண்டும் கதைக்கேல்ல. போய்ப் பாத்தன், ரெண்டுதான் இருந்தது.