ஹீற்றரில் குளிர்காற்று: டாஷ்போர்டைக் கழற்ற விடாமல் தப்பிய கதை

ஜனவரியில் ரொறன்ரோவில் காரின் ஹீற்றர் வேலை செய்யாவிட்டால் விரல் விறைப்பதோடு போகாது. முன்கண்ணாடியில் உள்பக்கமாகப் படியும் ஆவி விலகாது, ரோட்டே தெரியாது. எப்படியாவது இன்றைக்கே திருத்த வேண்டும் என்று நாம் ஓடிவருவோம் என்பது கராஜ்காரருக்கும் நன்றாகத் தெரியும்.

என் காரில் ஃபான் பலமாகத்தான் ஊதியது. எஞ்சின் வெப்பம் காட்டும் முள்ளும் வழக்கம்போல நடுவில் நின்றது. வந்த காற்று மட்டும் ஐஸ். இதை அப்படியே வீட்டுக்குப் பக்கத்துக் கராஜில் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, "தேமோஸ்ராற்தான், இந்தச் சீசனில் எல்லாருக்கும் அதுதான்" என்றார். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ற்றை, எஞ்சின் சூடேறும் வரை ரேடியேற்றருக்குப் போக விடாமல் அடைத்து வைக்கும் வால்வு அது. மாற்றினார்கள். பொருளுக்கு, கூலிக்கு, அதற்கு மேல் 13 சதவீத வரி. காசைக் கட்டிவிட்டு முதல் சிக்னலில் நிற்கிறேன், அதே குளிர்காற்று.

திரும்பிப் போனால் இப்போது வேறு கதை. ஹீற்றர் கோர், அதாவது டாஷ்போர்டுக்குள் இருந்து காற்றைச் சூடாக்கும் சின்ன ரேடியேற்றர், போய்விட்டதாம். டாஷ்போர்டை முழுதாக இறக்க வேண்டுமாம், ஒரு நாள் வேலை, 1,600 டொலருக்குக் குறையாது. "அப்போ தேமோஸ்ராற்?" என்று கேட்டேன். "அதுவும் பழசுதானே" என்றார். என்ன பதில் இது!

ஒன்ராறியோவில் வாகனம் திருத்தக் கொடுப்பவர்கள் மூன்று விஷயங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மதிப்பீட்டை எழுத்தில் கேட்கலாம், கடைசி பில் அதற்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புதிய பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தை நமக்குத் தர வேண்டும். மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன். முகத்தைச் சுளித்தபடி ஒரு பிளாஸ்ரிக் பையில் பழைய தேமோஸ்ராற்றைப் போட்டுத் தந்தார்.

வீட்டில் ஒரு பழைய பால்மா ரின்னில் தண்ணீர் விட்டு அதைக் கொதிக்கவைத்தேன். (சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், கூலன்ற் நஞ்சு.) தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது வால்வு மெல்ல வாயைத் திறந்தது. வெளியே எடுத்து ஆறவிட, இறுக மூடிக்கொண்டது. ஒரு பழுதும் இல்லை! தேமோஸ்ராற் திறந்தபடி சிக்கினால் எஞ்சின் சூடேறாது, முள் கீழேயே கிடக்கும். என் காரில் முள் நடுவில் நின்றது என்று கராஜில் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

பிறகு மச்சான் சொல்லி, ஸ்காபரோவில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு அண்ணையிடம் போனேன். அவர் கம்ப்யூற்றர் ஒன்றையும் செருகவில்லை. எஞ்சினைச் சூடேற விட்டு, நிறுத்தி, பொனற்றைத் திறந்து, "தம்பி, உதிலை இரண்டு ஹோஸ் உள்ளுக்குப் போகுது. மெதுவாக் கையை வைச்சுப் பாரும்" என்றார். ஒன்று தொட முடியாத சூடு. மற்றது வெதுவெதுப்புக்கூட இல்லை.

ஹீற்றருக்குத் தனி அடுப்பு கிடையாது. எஞ்சினில் சூடான கூலன்ற் ஒரு குழாயால் போய், கோருக்குள் சுற்றி, மற்றதால் திரும்பி வருகிறது. ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் பெரும்பாலும் கோர் அடைத்திருக்கிறது. இரண்டும் சூடாக இருந்தும் குளிர்காற்று வந்தால் பெரும்பாலும் டாஷ்போர்டுக்குள் சூட்டுக் காற்றைத் திருப்பும் கதவில் கோளாறு. அதை இயக்கும் மோட்டார் பழுதானால் உள்ளே டிக் டிக் என்று சத்தமும் வரலாம். இரண்டும் குளிர் என்றால் முதலில் கூலன்ற் அளவைப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு வேண்டியது கை மட்டும்.

"அடைப்புக்கு ஏன் கோரை மாத்துவான்? கழுவிப் பாப்பம்" என்று ஆறவிட்டு இரண்டு ஹோஸையும் கழற்றினார். கூலன்ற் திரும்பி வரும் பக்கத்தால் தண்ணீரை மெதுவாக விட்டார். அழுத்தம் கூடினால் கோர் வெடித்துவிடுமாம். முதலில் சொட்டுச் சொட்டாகக் கறுப்புத் தண்ணீர். அப்புறம் திடீரென்று மண்ணிறச் சேறும் மினுங்கும் துகள்களும் கொட்டின. ரேடியேற்றர் ஒழுக்கை அடைக்க முந்தைய சொந்தக்காரர் ஊற்றிய திரவத்தின் மிச்சம் என்றார். அது ஒழுக்கை அடைக்கிறதோ இல்லையோ, கோரின் மெல்லிய குழாய்களில் போய்ப் படிந்துவிடும். பழைய கார் வாங்குகிறவர்கள் ரேடியேற்றர் மூடிக்குள் எட்டிப் பாருங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்.

எல்லாம் பூட்டிய பிறகும் நிற்கும்போது குளிர், அக்சிலரேற்றரை மிதித்தால் சூடு என்று வர, எனக்கு வயிற்றைக் கலக்கியது. காற்று அடைபட்டிருக்கிறது என்றார். முன்பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவிட்டு, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டார். குமிழிகள் நின்றதும் காருக்குரிய கூலன்ற்றைத் தண்ணீரோடு சரிபாதி கலந்து நிரப்பினார். அந்தக் கலவை மைனஸ் 37 பாகை வரை தாங்கும். நிறத்தைப் பார்த்து வேறொன்றை வாங்கி ஊற்றாதீர்கள். முழுச் செலவு 180 டொலர்.

பழைய தேமோஸ்ராற் கொதித்த வீடியோவை முதல் கராஜ் மனேஜருக்குக் காட்டினேன். காசு திரும்பவில்லை, அடுத்த ஒயில் சேஞ்சுக்கு ஒரு கூப்பன் தந்தார். கோர் மீண்டும் அடைக்கலாம், அடுத்த குளிருக்கு முன் இன்னொரு தடவை கழுவ வா என்று அண்ணை சொல்லியிருக்கிறார்.