கேமரா ஆடினால் நல்ல காமெடி

நகைச்சுவை நிகழ்ச்சியை எடிட் செய்கிறவனுக்கு முதலில் போவது சிரிப்புதான். ஒரே ஜோக்கை மூன்று கேமராவிலும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தால், எவ்வளவு நல்ல ஜோக்கும் வெறும் வாயசைப்பாகிவிடும். பெரம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் எடிட்டிங் ஸ்டூடியோ. முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ, மற்ற நாட்களில் ஒரு சேனலுக்கான காமெடி நிகழ்ச்சி. ஐந்து ஸ்கிட், நடுவில் தொகுப்பாளர், ஓரத்தில் இரண்டு நடுவர்கள் என்று வழக்கமான அமைப்புதான். வெட்ட ஆரம்பிக்கும் முன் எந்த ஸ்கிட் ஏறுகிறது, எது எங்கே இறங்குகிறது என்று குறிப்பு எழுதித் தருவதும் என் வேலை. எது முதலில் வரும், எதற்கு எத்தனை நிமிடம் என்கிற பேச்செல்லாம் அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்கும்.

சிரிப்பே வராதவன் எப்படிக் காமெடியை மதிப்பிடுவான் என்று கேட்கலாம். அரங்கத்தில் கேட்கும் சிரிப்பை நம்ப முடியாது. படப்பிடிப்பு சூடு பிடிக்கும் முன்பே பார்வையாளர்களை உட்காரவைத்து சிரிப்பு, கைதட்டல், ‘ஓ’ போடுவது எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். நடுவர் சிரிப்பையும் நம்ப வேண்டாம். அடுத்த முறை பார்க்கும்போது அவர் முன்னாலிருக்கும் டம்ளரைக் கவனியுங்கள். முக்கால் டம்ளர் தண்ணீர் இருக்கும், அவர் சிரிக்கும்போது கால் டம்ளராகும், மறுபடி முக்காலாகும். அது வேறு ஏதோ ஸ்கிட்டுக்குச் சிரித்த சிரிப்பு. என்னைப் போன்ற ஒருவன்தான் கொண்டுவந்து ஒட்டியிருப்பான்.

நான் நம்புவது கேமரா ஆட்டத்தை. தோளில் கேமராவோடு நிற்பவர் காலை ஒத்திகையிலிருந்து அதே வசனத்தைக் கேட்டு அலுத்துப் போனவர். அவருக்கே அடக்க முடியாமல் சிரிப்பு வந்தால் ஃபிரேம் லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் வந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன்.

இப்படிக் கோடு போட்ட எபிசோடுகளில் ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. அதில் உச்சமும் பள்ளமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

முதல் ஸ்கிட், கல்யாண போட்டோகிராஃபர். எனக்குத் தெரிந்த உலகம். மாப்பிள்ளையின் தாய்மாமன் எப்படியாவது எல்லா ஃபிரேமுக்குள்ளும் தலையை நீட்டிவிடுவார். போட்டோகிராஃபர் அவரை ஒதுக்க ஒதுக்க, கடைசியில் மாப்பிள்ளையே வெளியே நிற்பார். மூன்று நிமிடம் அருமையாகப் போனது. அப்புறம் எப்படி முடிப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. குத்துப்பாட்டைப் போட்டு எல்லோரும் ஆடிக்கொண்டே மேடையை விட்டுப் போனார்கள். நம் ஊர் ஸ்கிட்டுகளில் பாதி இப்படித்தான் முடிகிறது. ஆட்டம் நடக்கிறதே, முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நாமும் கைதட்டிவிடுகிறோம்.

முடிவு என்பது உலகம் முழுக்கத் தலைவலிதான். 1969-இல் பிபிசியில் வந்த மான்ட்டி பைத்தான் காமெடிக் குழு, முடிவே வேண்டாம் என்று தீர்மானித்து, ஸ்கெட்ச் உச்சத்தில் இருக்கும்போதே கார்ட்டூனைப் போட்டு அடுத்ததற்குத் தாவியது. நம் லொள்ளு சபாவுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. படத்தைக் கிண்டல் செய்ததால் முடிவைப் படமே தந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த கிளைமாக்ஸ், அதைக் கோணலாக்கினால் போதும். சந்தானமும் சுவாமிநாதனும் மனோகரும் நடுவில் எவ்வளவு தூரம் வழி தவறினாலும் திரும்பி வந்து சேர ஓர் இடம் இருந்தது. அந்த எபிசோடின் இரண்டாவது ஸ்கிட்டும் பட கிண்டல்தான். அதே காரணத்தால் தேறியது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மூன்றாவது, வடசென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேடு. கழுத்தில் வடக்கயிறு மாதிரி சங்கிலி, மடித்துக் கட்டிய கைலி, கையில் மீன் வெட்டும் கத்தி. வந்தவர் வாயைத் திறந்ததும் அரங்கில் (எடுத்து வைத்திருந்த) சிரிப்பு. கேமரா ஒன்றுகூட ஆடவில்லை. நடிகர் நல்ல நடிகர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பேசிய மெட்ராஸ் பாஷை எந்தத் தெருவிலும் இல்லாத ஒன்று. ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து, முடிந்த இடத்தில் ஒரு நிறுத்தம். எங்கள் பக்கம் யாரும் நிறுத்திப் பேச மாட்டார்கள். எதிராளி பதில் சொல்லும் முன் அடுத்த பேச்சு தொடங்கிவிடும். ஒளிபரப்பான இரவு வியாசர்பாடியில் எதிர்வீட்டு ஆயா வீட்டில் இருந்தேன். பல வருஷம் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. “யார்ரா இவன்? நம்மள எங்க பாத்தான், சினிமாவப் பாத்துக்கினு வந்து பேசறான்” என்றார். அப்புறம் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வடசென்னையைக் கிண்டல் செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. தாராளமாகச் செய்யலாம், விஷயம் கொட்டிக்கிடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது முடிந்து விசைப்படகுகள் திரும்பியதும் வரும் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளை பேன்ட் போட்டு, மனைவியை ஏசி காரில் உட்காரவைத்துவிட்டு, ‘ஃப்ரெஷ்ஷா இருக்காம்மா’ என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வருவார். கடலில் இருந்து இப்போதுதான் இறங்கிய மீனிடம் அந்தக் கேள்வி. செவுளைத் தூக்கிப் பார்ப்பார். எதற்குப் பார்க்கிறோம் என்று அவருக்கே தெரியாது. விற்கிற அக்காவுக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது என்பது தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் அந்த அக்கா விலை சொல்வார் பாருங்கள், அங்கே இருக்கிறது ஸ்கிட். இதை எழுத கத்தியும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம்.

நான்காவதாக வந்தது தண்ணீர் லாரி. குறிப்பில் இதற்கு நான் ஒரே வரிதான் எழுதினேன்: ‘எங்கேயும் கை வைக்க வேண்டாம்.’

ஹவுசிங் போர்டு குடியிருப்பு வாசல். நான்கு பெண்கள், வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள், குடம் இல்லாத இடத்தில் ‘இது என் இடம்’ என்று ஒரு செங்கல்லும் உடைந்த பக்கெட்டும். லாரி வரவே வராது. ஸ்கிட் முழுக்கக் காத்திருப்பதுதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கிய ஊர் இது. குடத்தோடு நிற்பது என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நடித்தவர்களில் ஒருவர் வடசென்னைக் கொருக்குப்பேட்டைக்காரர். அவருக்கு வசனம் குறைவு. பக்கத்துப் பெண்ணின் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்பதைக் கேட்டு, ‘அடடா, என்னாச்சுக்கா, பாவமே’ என்று கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறார். முகம் முழுக்கக் கரிசனம். கண்ணில் நிஜமாகவே ஈரம். அதே நேரத்தில், குனியாமல், கீழே பார்க்காமல், வலது கால் பெருவிரலால் தன் குடத்தை மெல்லத் தள்ளி அந்த அக்காவின் குடத்துக்கு முன்னால் கொண்டுவந்துவிடுகிறார். குடம் தரையில் உரசும் சத்தம்கூட மைக்கில் விழுந்திருக்கிறது.

ஸ்கிரிப்டில் அது இல்லை. இரண்டு கேமராக்கள் முகத்தில் இருந்தன. வைட் ஷாட்டில் நின்ற மூன்றாவது மட்டும் காலைப் பிடித்திருந்தது, அதுவும் ஓரமாக. பிடித்த மறு நொடி ஃபிரேம் ஆடியது. அரங்கில் முதலில் சிரித்தது பின்வரிசைப் பெண்கள். ஆண்கள் என்ன நடந்தது என்று தேடி, அப்புறம் சிரித்தார்கள். அந்த இடைவெளியை நான் அப்படியே விட்டேன். எடுத்து வைத்த சிரிப்பை அதன்மேல் ஒட்டவில்லை.

ஐந்தாவது, ஆண் நடிகர் நர்ஸ் வேஷம் போட்ட ஆஸ்பத்திரி ஸ்கிட். விட்டுவிடலாம்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வந்து உட்கார்ந்து பார்த்தார். “தம்பி, தண்ணி லாரிய கடைசிக்குத் தள்ளிடு. காசிமேட்டை முதல்ல போடு. ஸ்பீடா இருக்கு” என்றார்.

“சார், அதுல யாரும் சிரிக்கல சார்.”

“அதான் நீ சிரிப்பு போட்டுருவல்ல?”

வரிசை மாற்றுவதில் ஒரு தீர்ப்பு இருக்கிறது என்பதை அமெரிக்காவின் சாட்டர்டே நைட் லைவ் என்ற நேரலைக் காமெடி நிகழ்ச்சியைப் பார்த்துப் பழகியவர்கள் அறிவார்கள். நம் சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. சாட்டர்டே நைட் லைவ் அதே வருஷம் அக்டோபர் 11-இல். இன்னும் ஓடுகிறது. அங்கே சனிக்கிழமை இரவு 8 மணிக்கு ஒரு கூட்டத்தை வைத்து முழு ஒத்திகை நடக்கும். தேவைக்கு மேலேயே ஸ்கெட்ச் இருக்கும். அந்தக் கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே இருமியது என்று பார்த்து, சிலவற்றைத் தூக்கி, வரிசையை மாற்றி, 11:30-க்கு நேரலை. எல்லோருக்கும் பிடிக்கும் சரக்கு முன்னால். விசித்திரமானது இரவு ஒரு மணியை ஒட்டிக் கடைசியில். அந்தக் கடைசி இடத்துக்கென்றே காத்திருக்கும் ரசிகர்கள் உண்டு, நானும் ஒருவன். அதனால் தண்ணீர் லாரி கடைசிக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. எங்களிடம் அந்த எட்டு மணிக் கூட்டம் இல்லை என்பதுதான் வருத்தம். எடிட் மேசையில் நானும், டீ கொண்டுவரும் பையனும், தயாரிப்பாளரும்தான் கூட்டம். அதில் அவருக்கு மட்டும்தான் ஓட்டு.

காசிமேடு முதலில் போனது. தண்ணீர் லாரி கடைசியில், நர்ஸுக்கும் பின்னால். வியாழக்கிழமை ரேட்டிங் வந்தது. எபிசோடின் கடைசிப் பகுதியில் ஆட்கள் கலையவில்லை என்று சேனலில் சொன்னார்களாம். எந்த நிமிடத்தில் ஆட்கள் இருந்தார்கள் என்று அந்தக் கணக்கு சொல்லும். ஏன் இருந்தார்கள் என்று சொல்லாது. ஆனால் தயாரிப்பாளர் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்: குடம் தள்ளியது.

அடுத்த எபிசோடில் கொருக்குப்பேட்டைக்காரருக்குப் பெரிய வேஷம். ரேஷன் கடை வரிசை. பையைக் காலால் தள்ள வேண்டும் என்று இந்த முறை எழுதியே கொடுத்திருந்தார்கள், மூன்று இடத்தில். இரண்டாவது கேமராவை முன்கூட்டியே காலுக்குக் குறிவைத்து நிறுத்தியிருந்தார்கள். அவரும் சொன்னபடி செய்தார். ஒவ்வொரு முறையும் தள்ளும் முன் கீழே ஒருமுறை பார்த்துக்கொண்டார். மூன்று கேமராவும் அசையாமல் நின்றன.

அந்த மூன்றில் இரண்டை வெட்டிவிட்டேன். மூன்றாவதின் மேல் ஒரு வசனம் ஓடிக்கொண்டிருந்தது, எடுத்தால் கதை புரியாது. அதனால் அது இருக்கிறது, நடுவர் சிரிப்போடு.