அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அம்மாவையே கேட்டு எழுதுவது

ராத்திரி இரண்டு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து டாக்டர் வெளியே வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "தொண்டையில் குழாய் போடலாமா?" மூத்தவர் போடச் சொல்வார். மகள் வேண்டாம் என்பார். சிங்கப்பூரில் இருக்கும் கடைசிப் பையன் போனில் அழுதுகொண்டே "எதையாவது பண்ணுங்க" என்பார். அம்மா என்ன நினைத்திருந்தார் என்பது மூவருக்கும் தெரியாது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களோடு உட்கார்ந்து, தம்மால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் கடைசிக் கால விருப்பத் தாளை முடிக்க உதவியதில் நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். தாள் இருந்தும் பயன்படாமல் போன வீடுகளில் பெரும்பாலும் நடந்தது ஒன்றுதான்: ஒரு பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார்கள். மற்றவர்கள் அதை முதன்முதலாகப் பார்ப்பது ஆஸ்பத்திரி வராந்தாவில். அந்த நேரத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். பிள்ளைகள் எல்லாரும் அம்மா வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். தாள் அந்தப் பேச்சுக்குச் சாட்சி.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் மலேசிய மருத்துவ மன்றம் டாக்டர்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டியில் இதைப் பற்றி இருக்கிறது. ஒரு சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி தெளிவாக எழுதி வைத்திருந்து, எழுதியது இப்போதைய நிலைமைக்கும் பொருந்தினால், டாக்டர் அதைச் செய்யாமல் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அவர் உயிரைக் காப்பாற்றும் பக்கம்தான் போவார். உயிரை முடிக்க ஊசி போடுங்கள் என்று எழுதினால் அது செல்லாது, அப்படி ஊசி போடுவது குற்றம். சிகிச்சையை மறுப்பது வேறு, உயிரை எடுக்கச் சொல்வது வேறு. இந்த வித்தியாசத்தைப் பெரியவர்களிடம் சொன்ன பிறகுதான் பலர் பேனாவையே கையில் எடுக்கிறார்கள்.

இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் தாள்கள் மூன்று. உயிலைப் பிரித்துப் படிப்பதே காரியம் முடிந்த பிறகுதான், ஆகவே குழாய் வேண்டாம் என்று அதில் எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை. ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.பில் பெயர் கொடுத்திருக்கும் பிள்ளைக்குப் பணத்தில்தான் உரிமை, சிகிச்சையில் இல்லை. மூன்றாவது பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது நமக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் தாள். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதிய அந்தத் தாள், எழுதியவருக்குச் சித்தம் தவறிய பிறகு பொதுவாகச் செல்லாது. நமக்கோ அப்போதுதான் அது தேவைப்படும். வக்கீலுக்குக் காசு கட்டி இதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுதுகிறவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், சொல்வது புரிய வேண்டும், புரிந்ததை யோசித்துத் தம் முடிவைச் சொல்லத் தெரிய வேண்டும். மறதி நோய் ஆரம்பித்திருந்தாலும் வாய்ப்பு முடிந்துவிடவில்லை. தெளிவாக இருக்கும் காலை நேரமாகப் பார்த்து கிளினிக்குக்கு அழைத்துப் போய், "இன்று நான் பேசினேன், புரிந்துதான் சொல்கிறார்" என்று டாக்டரை நோயாளிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் யாராவது "அம்மாவுக்கு அப்பவே சுயநினைவு இல்லை" என்று கிளப்பினால் அந்த இரண்டு வரிதான் காப்பாற்றும்.

பேசுவதற்கு நல்ல நேரம் தீபாவளிக்கு மறுநாள், இல்லையென்றால் கோயில் திருவிழா முடிந்த மறுநாள். ரவாங், ஜொகூர் என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். பண்டிகை அன்றைக்கே எடுத்தால் "நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்சா" என்று பெரியம்மா ஒருவர் முடித்துவைத்துவிடுவார். அம்மாவின் சாவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் பார்த்த ஒருவரின் கடைசி நாட்களிலிருந்து ஆரம்பியுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அம்மா, எதிர்வீட்டுத் தாத்தாவை ஐ.சி.யூ.வில வெச்சிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? குழாயைப் பிடுங்கிடுவாருன்னு கையைக் கட்டியில்ல வெச்சிருந்தாங்க."

"உனக்கு அப்படி ஆனா நாங்க என்னம்மா செய்யணும்?"

"என்னைய அப்படிக் கட்டிப் போடாதீங்கடா. இங்கயே, சாமி படத்துக்கு நேரா படுக்க வைங்க."

பல பிள்ளைகள் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக்கூடாது. அடுத்த கேள்விதான் முக்கியம்: "நாலஞ்சு நாள் குழாய் போட்டா சரியாகி வீட்டுக்கு வந்துருவேன்னு டாக்டர் சொன்னா?" அம்மா யோசித்துவிட்டு, "வந்துருவேன்னா போடு" என்பார். இப்போதுதான் எழுதுவதற்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

"மிஷின் எதுவும் வேண்டாம்" என்று மட்டும் எழுதிய தாளை டாக்டர் ஒதுக்கி வைத்துவிடுவார். எந்த மிஷின், எந்த நிலைமையில் என்று அதில் இல்லை. மூச்சுத் திணறலுக்கு மூக்கில் வைக்கும் ஆக்சிஜன் குழாயும் மிஷின்தான், அதை வேண்டாம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதா? நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துவார்கள். எலும்பு தேய்ந்த எண்பது வயது உடம்பில் விலா எலும்பு முறிவது சாதாரணம். முற்றிய புற்றுநோயில் இருப்பவர் அதற்குப் பிறகு எழுந்து வீடு திரும்புவது மிக அரிது. தொண்டைக் குழாயும் சுவாசக் கருவியும் என்றால், கால வரம்போடு எழுதலாம்: "குணமாகும் வாய்ப்பு இருந்தால் 5 நாள் பாருங்கள். முன்னேற்றம் இல்லை என்று இரண்டு டாக்டர்கள் சொன்னால் எடுத்துவிடுங்கள்."

டயாலிசிஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் குடும்பங்களில் இனிப்பு நீர் வியாதியும் கிட்னி பழுதும் அவ்வளவு இருக்கிறது. வாரத்துக்கு 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம் போய்வருகிறவர்களிடம் யாரும் "எப்போது நிறுத்தலாம்" என்று கேட்பதே இல்லை. "வீட்டில் உள்ளவர்களை எனக்கு அடையாளம் தெரியாமல் போனால்", "நிரந்தரமாகப் படுக்கையில் விழுந்துவிட்டால்" என்று அவர்களே ஒரு எல்லை சொல்வார்கள். நிறுத்தினால் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் உயிர் பிரியும். அந்த நாட்களில் வரும் மூச்சுத் திணறலுக்கும் அரிப்புக்கும் மருந்து உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் கொடுக்கும் மார்ஃபினைப் பலர் விஷம் போலப் பார்க்கிறார்கள். டாக்டர் அளந்து கொடுக்கும் அளவில் அது உயிரைக் குறைப்பதில்லை. "வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற வரி எல்லாத் தாளிலும் இருக்கட்டும்.

குடும்பங்கள் அதிகம் சண்டை போடுவது மூக்குவழிச் சாப்பாட்டுக் குழாய்க்குத்தான். "பட்டினி போட்டுக் கொன்னுட்டோம்னு ஊர் சொல்லும்" என்பார்கள். உயிர் அடங்கும் நாட்களில் உடம்பு சாப்பாட்டைக் கேட்பதில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். கடைசியில் பால் ஊற்றுவது நம் வழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் கரண்டியால் ஊற்றாதீர்கள், விழுங்கத் தெரியாதவருக்குப் புரை ஏறிவிடும். பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டிலும் நாக்கு நுனியிலும் தொட்டு வையுங்கள். துளசித் தண்ணீரும் அப்படியே. தாளிலேயே இதை எழுதிவிட்டால், வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

எழுதும்போது இரண்டு மொழியில் எழுதுங்கள். தமிழ்ப் பிரதி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும். மலாய்ப் பிரதி ஆஸ்பத்திரிக்கு. ராத்திரி டியூட்டியில் இருக்கும் டாக்டருக்குத் தமிழ் தெரியும் என்று நம்பி இருக்க முடியாது. "ஜிக்கா ஜந்துங் சாயா பெர்ஹெந்தி, ஜாங்ஙான் லாக்குகான் சி.பி.ஆர்." என்ற வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டி, "உங்க இதயம் நின்னுட்டா நெஞ்சை அழுத்த வேண்டாம்னு எழுதியிருக்கு" என்று தமிழில் சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். கைரேகைக்குக் கீழே "இந்தத் தாள் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன்" என்ற வரியும், படித்துக் காட்டியவரின் பெயரும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும் வேண்டும். சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் சாட்சி போடட்டும். சட்டம் இந்த எண்ணிக்கையைக் கேட்கவில்லை, ஆனால் பின்னால் வரும் வம்புக்கு இது அணை. யாரிடம் டாக்டர் பேச வேண்டும் என்று ஒருவர் பெயரை எழுதுங்கள். அவர் கூப்பிட்டால் அரைமணியில் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடியவராக இருக்கட்டும். மூத்தவர் என்பதற்காக ஜொகூரில் இருப்பவர் பெயரைப் போட்டு ஒரு பயனும் இல்லை.

மூல தாளைப் பீரோவில் பூட்டி வைப்பதுதான் பெரிய தவறு. சாவி வைத்திருப்பவர் வேலைக்குப் போயிருப்பார். சாமி படத்துக்குப் பின்னாலோ, மாத்திரைப் பையிலோ, கிளினிக் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். நகல் ஒன்று வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிக் கோப்பில், ஒன்று ஒவ்வொரு பிள்ளையிடமும், எல்லார் போனிலும் படமாக. அம்மா தம் குரலில் சொல்வதை இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போடுங்கள். தாளை நம்பாத பிள்ளை அந்தக் குரலை நம்புகிறார்.

வீட்டில்தான் கண்மூட வேண்டும் என்று எழுதியிருந்தால் ஏற்பாடு முன்னாலேயே நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் வலித்தணிப்புக் குழுவில் பெயர் பதியச் சொல்லி ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். அவர்கள் நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எதிர்பார்த்த மரணம் நெருங்கும்போது பதறிப்போய் ஆம்புலன்ஸுக்கு 999 கூப்பிட்டால், வருகிறவர்கள் நெஞ்சை அழுத்தத்தான் ஆரம்பிப்பார்கள். தாளைப் படித்து முடிவெடுக்க அவர்களுக்கு நேரமில்லை, அது அவர்கள் தப்பும் இல்லை. தோட்ட கேட் ராத்திரி பூட்டியிருக்கும் என்றால் காவலாளி ஜாகாவிடம் சொல்லி வையுங்கள், நர்ஸ் கார் தடுப்புக் கம்பத்தில் நின்றுவிடக்கூடாது.

உயிர் பிரிந்த பிறகு, இறந்தவர் ஐ.சி.யோடும் தகவல் கொடுப்பவர் ஐ.சி.யோடும் அதற்குரிய அலுவலகத்தில் சொல்லி, அடக்கத்துக்கோ தகனத்துக்கோ அனுமதி வாங்க வேண்டும். நோய் என்ன, எந்த நிலையில் இருந்தார் என்று டாக்டர் கொடுத்த கடிதம் கையில் இருந்தால் அங்கே கேள்வி குறையும். அந்தக் கடிதத்தை உயிரோடு இருக்கும்போதே வாங்கி அதே பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

தாள் பழசானால் டாக்டருக்குச் சந்தேகம் வரும், இன்னும் அதே எண்ணம்தானா என்று. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையும், புது நோய் வந்தாலும், திரும்ப உட்கார்ந்து படித்துக் காட்டி, புதுத் தேதி போட்டு கைரேகை வாங்குங்கள். அம்மா மனம் மாறியிருந்தால் மாற்றி எழுதுங்கள், அது அவர் உரிமை. பழைய நகல்களையெல்லாம் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள், சிங்கப்பூரில் இருப்பதையும் சேர்த்து.