போன் லைனுக்கு ஒரு கான்ட்ராக்ட், நெட்டுக்கு இன்னொரு கான்ட்ராக்ட்: ஃபைபருக்கு மாறுறதுக்குள்ள பட்ட பாடு

பழைய காப்பர் (செம்புக் கம்பி) போன் லைன்ல இருந்து ஃபைபருக்கு, அதாவது கண்ணாடி இழைல வர்ற நெட்டுக்கு, ஒருவழியா மாறியாச்சு. அப்பாவோட பழைய நம்பரும் கூடவே வந்துருச்சு, பெனால்ட்டியும் கட்டல. ஆனா நடுவுல அலைய விட்டாங்க பாருங்க, அத எழுதி வெச்சா யாருக்காவது ஒரு நடை மிச்சமாகும்னு தான் உக்காந்தேன். எந்த கம்பெனினு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

பிளான் தேர்ந்தெடுத்த கதைய சீக்கிரம் முடிச்சிடறேன், அதுல பெருசா ஒண்ணுமில்ல. எங்க வீட்ல இருந்தது ஏடிஎஸ்எல் 2 பிளஸ்னு போன் ஒயர்லயே வர்ற நெட், காகிதத்துல ஸ்பீடு 24 எம்பிபிஎஸ், ஆனா எக்ஸ்சேஞ்ச்ல இருந்து ஒயர் எவ்ளோ நீளமா வருதோ அதுக்கேத்த மாதிரி ஸ்பீடு தேஞ்சுகிட்டே வரும், எங்களுக்கு வந்து சேந்தது அதுல கால்வாசி கூட தேறாது. அப்லோடு இன்னும் கேவலம். வீடியோ கால்ல மத்தவங்க மூஞ்சி நமக்கு நல்லா தெரியும், நம்ம மூஞ்சி தான் அவங்களுக்கு வாய தொறந்தபடியே நிக்கும். அதனால ஃபைபர்னு முடிவு பண்ண யோசிக்கவே இல்ல. எந்த கம்பெனி ஃபைபர்ங்கறதுக்கு மட்டும் நான் பாத்தது: அப்லோடு எவ்ளோனு தனியா கேட்டேன் (விளம்பரத்துல டவுன்லோடு மட்டும் தான் பெரிய எழுத்துல இருக்கும்), வெளில இருந்து வீட்டு கேமராவ பாக்கணும்னா தனி பப்ளிக் ஐபி (நெட்ல நம்ம வீட்டுக்குனு ஒரு விலாசம்) குடுப்பாங்களா, இல்ல நூறு பேருக்கு ஒரே ஐபியானு கேட்டேன், அப்புறம் ஏற்கனவே அந்த கனெக்‌ஷன் வெச்சிருக்கற பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ராத்திரி எட்டு மணிக்கு மேல எப்படி ஓடுதுனு கேட்டேன். இந்த கடைசி கேள்வி முக்கியம். ஜிபான்னு சொல்ற ஃபைபர்ல ஒரு இழைல வர்ற 2.5 ஜிகாபிட்ட ஸ்பிளிட்டர் போட்டு 32 வீடு, 64 வீடுனு பிரிச்சு தான் தர்றாங்க, எல்லாரும் ஒண்ணா உக்காந்து படம் பாக்கற நேரத்துல தான் கம்பெனியோட லட்சணம் தெரியும். அப்புறம் 100 எம்பிபிஎஸ் எடுத்துட்டு டவுன்லோடு 12 தான் காட்டுதுனு சண்டைக்கு போகாதீங்க, பிளான்ல சொல்றது மெகாபிட், டவுன்லோடு பண்ணும்போது காட்டுறது மெகாபைட், எட்டால வகுத்தா கணக்கு சரியா வரும்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

பழைய கம்பெனிக்கு போன் போட்டு, எங்க கான்ட்ராக்ட் இன்னும் பாக்கி இருக்கானு கேட்டேன். "இல்ல சார், உங்க டேர்ம் எப்பவோ முடிஞ்சிருச்சு சார், ஒரு மாச நோட்டீஸ் குடுத்துட்டு எப்ப வேணா கேன்சல் பண்ணிக்கலாம்"னு அந்த பையன் தேனா பேசுனான். டேர்ம்னா இத்தன மாசம் விட்டுப் போகக் கூடாதுனு கான்ட்ராக்ட்ல இருக்கற காலம். சந்தோஷமா வெச்சுட்டேன். நல்ல வேளையா ஒரு சந்தேகத்துல, இதையே ஈமெயில்லயும் கேட்டேன். பதில் என்ன வந்துச்சு தெரியுமா? இப்ப கேன்சல் பண்ணினா மிச்சம் இருக்கற மாசத்துக்கெல்லாம் சேத்து பெனால்ட்டி, அதுவும் நாங்க கட்டிட்டு இருந்த தள்ளுபடி ரேட்ல இல்ல, முழு ரேட்ல. அதுக்கு மேல "இலவசமா" குடுத்த ரவுட்டருக்கும் தனியா ஒரு தொகை.

ரெண்டு பேர் சொன்னதும் உண்மை தாங்க, அது தான் கொடுமையே. நாங்க ஒரே பில்லா கட்டிட்டு இருந்ததுக்குள்ள ரெண்டு கான்ட்ராக்ட் இருந்திருக்கு. போன் லைனுக்கு ஒண்ணு, அது பல வருஷத்துக்கு முந்தினது, டேர்மெல்லாம் எப்பவோ முடிஞ்சது. பிராட்பேண்டுக்கு இன்னொண்ணு, அது போன வருஷம் புதுசா ஆரம்பிச்சிருக்கு. போன்ல பேசுன பையன் லைன மட்டும் பாத்துட்டு சொல்லிட்டான். லைனுக்கு டேர்ம் இல்லாம இருந்தும் நமக்கு ஒரு லாபமும் இல்ல, ஏன்னா நெட்டும் அதே காப்பர்ல தான வருது, லைன வெட்டுனா நெட் போயிரும், நெட் போனா பெனால்ட்டி வரும்.

போன வருஷம் யாருடா புதுசா கையெழுத்து போட்டதுனு தேடுனா, யாரும் போடல. கம்பெனில இருந்தே ஒரு பொண்ணு அப்பாவுக்கு போன் பண்ணி, "அய்யா, உங்க ஸ்பீட ஏத்தி தர்றோம், பில் அதே தான், பண்ணிடவா"னு கேட்டிருக்கு. அவரும் "சரிம்மா"னு சொல்லியிருக்காரு. அந்த ஒரு சரிம்மாவுக்கு 24 மாச டேர்ம் முதல்ல இருந்து ஓட ஆரம்பிச்சிருச்சு. ஸ்பீடு ஏறுச்சானு கேக்காதீங்க, அந்த காப்பர்ல ஏறவே ஏறாது. வீட்ல பெரியவங்க பேர்ல லைன் இருந்தா இத இன்னிக்கே போய் கேளுங்க, இந்த மாதிரி ஏதாவது அழைப்பு வந்து சரினு சொன்னாங்களானு. பிளான் மாத்தறது, ஸ்பீடு ஏத்தறது, வீடு மாறும்போது லைன் மாத்தறது, இதுல எது வேணா டேர்ம திரும்ப முதல்ல இருந்து ஓட வைக்கலாம், அத பண்றதுக்கு முன்னாடியே "இதனால என் கான்ட்ராக்ட் முடியற தேதி மாறுமா"னு எழுத்துல கேட்டுருங்க.

கான்ட்ராக்ட் காப்பி குடுங்கனு கேட்டா, வெப்சைட்ல இருக்கும்னாங்க. வெப்சைட்ல போனா இன்னிக்கு நடப்புல இருக்கற பொதுவான விதிமுறை தான் இருக்கு, நாங்க சேந்தப்ப இருந்தது இல்ல. ஆஃபீசுக்கு நேர்ல போனேன். கவுன்டர்ல இருந்த அம்மா தலைய கூட தூக்கல. "இங்க புது கனெக்‌ஷன் மட்டும் தான் சார், கேன்சலேஷனெல்லாம் கஸ்டமர் கேர்." கஸ்டமர் கேருக்கு போட்டா, "டாக்குமென்ட் காப்பியெல்லாம் ஆஃபீஸ்ல தான் சார் வாங்கணும்." அந்த கவுன்டர்லயே நின்னுகிட்டு ஸ்பீக்கர்ல போட்டு கஸ்டமர் கேர்காரர பேச வெச்சேன், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கை காட்டுனாங்க, அந்த அம்மா அப்ப தான் முதல் தடவையா என்ன நிமிந்து பாத்தாங்க. அன்னிக்கு வேற ஒண்ணும் நடக்கல.

வேலைக்கு ஆனது எதுனா, புகார எழுத்துல போட்டது. கோபத்த கொட்டாம ரெண்டே விஷயம் கேட்டேன்: இந்த 24 மாசத்துக்கு நாங்க ஒத்துக்கிட்டதுக்கு ஆதாரம் என்ன, அந்த போன் கால் ரெக்கார்டிங்ல டேர்ம் புதுசா ஆரம்பிக்கும்னு சொல்லியிருக்காங்களா, இருந்தா அனுப்புங்க. புகார் நம்பர் வாங்கிட்டேன். அதுக்கப்புறம் யாரு போன் பண்ணாலும், "சார் நான் போன்லயே விளக்கிடறேன்"னு ஆரம்பிச்சா, அந்த நம்பர சொல்லி, பதில மெயில்ல போடுங்கனு மட்டும் சொல்லி வெச்சுடுவேன். கொஞ்ச நாள் சத்தமே இல்ல. அப்புறம் ஒரு மெயில், "நல்லெண்ண அடிப்படையில்" பெனால்ட்டிய தள்ளுபடி பண்றாங்களாம். ரெக்கார்டிங் பத்தி ஒரு வார்த்த கிடையாது! நல்லெண்ணமாம். சரி, பணம் மிச்சம், அந்த மெயில பத்திரமா எடுத்து வெச்சுகிட்டேன்.

அடுத்த தலைவலி நம்பர். அப்பாவுக்கு அந்த நம்பர் போச்சுனா பாதி உலகமே போச்சு, பேங்க்ல இருந்து சொந்தக்காரங்க வரைக்கும் எல்லார்கிட்டயும் அது தான் இருக்கு. கேன்சல் டெஸ்க்ல ஒரு மகராசன், "முதல்ல லைன கேன்சல் பண்ணிடுங்க சார், அப்புறம் புது கம்பெனில நம்பர கேட்டு வாங்கிக்கலாம்"னு சொன்னாரு. தயவுசெஞ்சு இத மட்டும் பண்ணிடாதீங்க. லைன் உயிரோட இருந்தா தான் நம்பர போர்ட் பண்ண, அதாவது அதே நம்பர வேற கம்பெனிக்கு மாத்த முடியும், கேன்சல் ஆயிருச்சுனா நம்பர் கம்பெனிக்கே திரும்பி போயிரும், அப்புறம் அது வேற யாருக்காவது போனாலும் போகும். புது கம்பெனில இருந்த பொண்ணு தான் தெளிவா சொல்லிச்சு: "நீங்க எதையும் கேன்சல் பண்ணாதீங்க சார், போர்ட்டிங் ரிக்வெஸ்ட் எங்க பக்கம் இருந்து போகும், நம்பர் இங்க வந்ததுக்கப்புறம் மிச்சத்த பாத்துக்கலாம்." அந்த பொண்ணு நல்லா இருக்கணும்.

அவ்ளோ தெளிவா சொல்லியும் முதல் ரிக்வெஸ்ட் ரிஜெக்ட் ஆச்சு. காரணம்னு ஒரு வரி, "விவரங்கள் பொருந்தவில்லை." எந்த விவரம்னு சொன்னா தான என்ன? பழைய பில்ல பூதக்கண்ணாடி வெக்காத குறையா பாத்ததுல, பில்ல அப்பா பேருக்கு முன்னாடி இனிஷியல், அடையாள அட்டைல பேருக்கு பின்னாடி. புது கம்பெனில அட்டைல இருக்கற மாதிரி அடிச்சிருக்காங்க. பழைய கம்பெனி ரெக்கார்டுல ஒரு புள்ளி எங்க இருக்கோ அதே எடத்துல இங்கயும் இருக்கணும் போல. கடைசி பில்ல இருக்கறத அப்படியே எழுத்துக்கு எழுத்து அடிக்க சொன்னோம், பேர், விலாசம், அக்கவுண்ட் நம்பர் எல்லாம். போயிருச்சு. பழைய பில் ஒண்ணு கைல இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க, கேன்சல் ஆனதுக்கப்புறம் வெப்சைட்ல லாகின் பண்ண விடுவாங்களானு நம்ப முடியாது, அதனால எல்லா பில்லையும் முன்னாடியே டவுன்லோடு பண்ணிருங்க.

ஃபைபர் போட வந்தவங்க சுருக்க முடிச்சுட்டாங்க, அத பத்தி சொல்ல ஒண்ணுமில்ல. பழசும் புதுசும் கொஞ்ச நாள் ஒண்ணா ஓடுச்சு, அந்த கொஞ்ச நாள் ரெட்ட வாடகை தண்டம்னு வீட்ல முணுமுணுத்தாங்க, ஆனா இடைல நெட் இல்லாம உக்காந்திருக்கறதுக்கு அது எவ்வளவோ தேவல.

ஒண்ணு மட்டும் யாரும் முன்கூட்டி சொல்லல. காப்பர் லைன்ல போனுக்கு கரன்ட் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே வரும், வீட்ல கரன்ட் போனாலும் சாதா போன் பேசும். ஃபைபர்ல அப்படி கிடையாது, ஃபைபர் வந்து சேர்ற, செவுத்துல மாட்டுற ஓஎன்டி டப்பாவுக்கும் ரவுட்டருக்கும் வீட்டு கரன்ட் வேணும், கரன்ட் போச்சுனா போனும் ஊமை. வயசானவங்க இருக்கற வீடா இருந்தா அந்த ரெண்டுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் போட்டுருங்க, அதிகமா கரன்ட் இழுக்காது. போன் லைன்ல தொங்கற அலாரம், ஃபேக்ஸ் மாதிரி ஏதாவது இருந்தா புதுசுல ஓடுமானு மாறுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. அப்புறம் பழைய ரவுட்டரயே புது ஃபைபருக்கும் மாட்டலாம்னு பாத்தேன், அதுல ஒயர் சொருகற போர்ட் 100 எம்பிபிஎஸ் வரைக்கும் தான் தாங்கும், அதுக்கு மேல பிளான் எடுத்து அதுல சொருகுனா காசு குடுத்து கட்டிப் போட்ட மாதிரி.

அந்த பழைய ரவுட்டர திருப்பி குடுக்கும்போது அடாப்டரையும் சேத்து ஒரு போட்டோ, பின்னாடி ஒட்டியிருக்கற சீரியல் நம்பருக்கு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அதே கவுன்டர், அதே அம்மா. "வெச்சுட்டு போங்க சார், பாத்துக்கறோம்"னாங்க. ரசீது குடுத்தா தான் வெப்பேன்னு நின்னேன். ரசீது புக் எங்கனு தேடவே அவங்களுக்கு நேரமாச்சு, பின்னாடி வரிசைல இருந்தவங்க என்ன முறைச்சாங்க, பரவால்ல. எதிர்பாத்த மாதிரியே கடைசி பில்ல "திருப்பித் தராத உபகரணம்"னு ஒரு வரி வந்துச்சு, ரசீத போட்டோ எடுத்து அனுப்புனதும் எடுத்துட்டாங்க.

புது கம்பெனில சேரும்போது இந்த தடவ உஷாரா, லைனுக்கும் நெட்டுக்கும் டேர்ம் முடியற தேதி தனித்தனியா என்ன, தள்ளுபடி எத்தன மாசம், அதுக்கப்புறம் ரேட் எவ்ளோ, நடுவுல அவங்களா ரேட்ட ஏத்துனா பெனால்ட்டி இல்லாம வெளிய வரலாமா, நோட்டீஸ் எத்தன நாள், டேர்ம் முடிஞ்சா தானா புதுப்பிக்குமா, இவ்ளோத்தையும் மெயில்ல கேட்டு பதில் வாங்கிட்டு தான் ஒத்துக்கிட்டேன். சேல்ஸ் பையனுக்கு கொஞ்சம் கடுப்பு தான். முதல் பில் வந்தப்ப பேசுன தொகைய விட ரொம்ப கூட இருந்துச்சு, மறுபடியுமானு வயித்த கலக்கிருச்சு. உக்காந்து கணக்கு போட்டா, கனெக்‌ஷன் குடுத்த நாள்ல இருந்து மாசக் கடைசி வரைக்கும் ஒரு பங்கு, அடுத்த மாசத்துக்கு அட்வான்சா முழு வாடகை, அதோட இன்ஸ்டலேஷன், எல்லாம் மெயில்ல சொன்னபடி தான் இருந்துச்சு. கட்டிட்டேன். ரெண்டாவது பில் பேசுன தொகைக்கே வந்துருச்சு.