துருத்திக் கேமராவுக்கு முன்னால் வீட்டார்

ஜூன் 7, சனி

இன்று அப்பா. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு 4×5 அங்குலத் தாள் ஃபிலிம் போடும் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றினேன். 210 மி.மீ., அதாவது 21 செ.மீ. குவியதூர லென்ஸ். முகத்துக்கும் லென்ஸுக்கும் இடையே ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. இவ்வளவு கிட்டத்தில் போகஸ் கிடைக்க, லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் துருத்தியை 25 செ.மீ. வரை இழுக்க வேண்டும். லென்ஸ் விலக விலக ஃபிலிமில் விழும் வெளிச்சம் குறையும். அது லைட் மீட்டருக்குத் தெரியாது. 25-ஐ 21-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 1.4. மீட்டர் சொல்லும் நேரத்தை அத்தனை மடங்கு கூட்டிக்கொள்கிறேன்.

லென்ஸின் திறப்பை அகலமாக எஃப்/5.6-ல் வைத்து எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் 3 செ.மீ. அளவுதான். இமைமுடி எண்ணலாம், காது கரைந்துபோயிருக்கும். பலருக்கு இது பிடிக்கிறது. அப்பாவின் காதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. திறப்பைச் சுருக்கி எஃப்/16-க்கு இறங்கினேன், 8 செ.மீ.க்கு மேல் கிடைக்கிறது. பதிலுக்கு ஷட்டர் அரை வினாடி திறந்திருக்க வேண்டும். ஃபிலிம் எச்பி5, 400 வேகம். அப்படியிருந்தும் அரை வினாடி!

ஜூன் 8, ஞாயிறு

நேற்றைய வேலையை எழுதி வைக்கிறேன். பெரிய கேமராவில் ஆளைப் படமெடுப்பதில் உள்ள சிக்கல் முழுக்க ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் லூப் என்ற சின்ன உருப்பெருக்கியை வைத்துக் கண்ணைப் போகஸ் செய்கிறோம். அப்புறம் ஷட்டரை மூடி, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பைக் குறைத்து, ஷட்டருக்குச் சாவி கொடுத்து, ஃபிலிம் இருக்கும் ஹோல்டரைச் செருகி, ஃபிலிமை மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை உருவ வேண்டும். ஹோல்டர் உள்ளே போனதும் கண்ணாடியில் எதுவும் தெரியாது. அந்த இடைவெளியில் உட்கார்ந்தவர் இரண்டு விரல்கடை முன்னால் சாய்ந்தாலும் போகஸ் போச்சு. தலை நாற்காலி முதுகில் லேசாகத் தொடும்படி உட்கார வைத்தேன். கேமராவிலிருந்து கன்னம் வரை ஒரு நூலை அளந்து வைத்துக்கொண்டு கடைசி நொடியில் சரிபார்ப்பதும் உண்டு. அப்பாவிடம் நூலை நீட்டினால் எழுந்து போய்விடுவார்.

ஆனால் அசையாமல் இருக்கச் சொன்னால் முகம் பாஸ்போர்ட் படமாகிவிடுகிறது. அம்மா வந்து, "நானும் பார்க்கிறேன்" என்று துணிக்குள் நுழைந்தாள். கண்ணாடியில் பிம்பம் தலைகீழாக, இடம் வலம் மாறித்தான் விழும்.

"என்னடா, உங்கப்பா தொங்குறார்!"

"நான் நேராத்தான் உட்கார்ந்திருக்கேன்" என்றார் அப்பா, கடுகடுவென்று. அம்மா துணியை விலக்கி வெளியே வந்தாள். நான் ஷட்டரை மூடி, ஹோல்டரைச் செருகி, ஸ்லைடை உருவியதும், "என்னங்க, அப்படியே தொங்கிக்கிட்டே இருங்க" என்றாள். அப்பாவுக்கு உதடு பிரியாமல், கண் மட்டும் சிரித்தது. ஷட்டரைத் திறக்கும் கம்பியான கேபிள் ரிலீஸை அழுத்தினேன்.

சின்ன கேமராவில் என் முகம் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இதில் அழுத்தும் நேரத்தில் நான் பக்கத்தில் நிற்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். அம்மா போல யாராவது கூட நின்றால் இன்னும் நல்லது.

ஜூன் 15, ஞாயிறு

அக்காவும் அவள் பையனும். அக்கா முன்னால் இடப்பக்கம், பையன் ஓரடி பின்னால் வலப்பக்கம். இரண்டு முகமும் கூர்மையாக வேண்டுமென்றால் எஃப்/32-க்குப் போகலாம். ஆனால் எட்டு வயசுப் பையன் இரண்டு வினாடி அசையாமல் இருப்பானா? லென்ஸ் இருக்கும் முன்சட்டத்தைச் சில டிகிரி பக்கவாட்டில் திருப்பினேன். லென்ஸின் தளமும் ஃபிலிமின் தளமும் நீண்டுபோய் எந்தக் கோட்டில் சந்திக்கின்றனவோ, கூர்மையாக விழும் தளமும் அந்தக் கோட்டின் வழியாகவே போகும். ஆஸ்திரிய ராணுவத்தில் இருந்த தியோடர் ஷைம்ப்ஃப்ளுக் பெயரில் வழங்கும் விதி இது. அவர் யோசித்ததெல்லாம் வானிலிருந்து எடுத்த படங்களைத் திருத்துவது பற்றி. எனக்கு அக்காவின் கண்ணும் பையனின் கண்ணும் எஃப்/8-லேயே கூர்மையாகக் கிடைத்தன. அக்காவின் தோள் மங்கிப் போனதில் எனக்கு வருத்தமில்லை, அவளுக்கு இருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

தட்டில் டெவலப் செய்தேன். முழு இருட்டு. முதலில் தண்ணீரில் ஒரு ஊறல், இல்லாவிட்டால் ஃபிலிம் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஐடி-11 டெவலப்பர், சம அளவு தண்ணீர் சேர்த்த 1+1 கலவை, 20 டிகிரி, 13 நிமிடம். அடித்தாளை உருவி மேலே வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நகம் வெட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஜூன் 22, ஞாயிறு

நெகட்டிவைப் பின்னால் வெளிச்சம் வைத்து லூப்பில் பார்த்தேன். அப்பாவின் கண்மணிக்குள் ஜன்னல், அதன் ஓரமாகக் கேமரா, பக்கத்தில் நிற்கும் என் உருவம். 35 மி.மீ. ஃபிலிமைப்போல ஏறக்குறைய 15 மடங்கு பரப்பு, இதற்குத்தான் இவ்வளவு பாடும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் நிக்கலஸ் நிக்சன் 1975-இலிருந்து வருஷத்துக்கு ஒரு படமாகத் தன் மனைவியையும் அவளுடைய மூன்று சகோதரிகளையும் 8×10 கேமராவில் எடுத்துக்கொண்டே வந்தார், நால்வரும் எப்போதும் அதே வரிசையில். எனக்கு அவ்வளவு பொறுமை இருக்குமா, பார்க்கலாம்.

அடுத்த வாரம் அம்மா. முதலில் மாட்டேன் என்றாள், அப்பாவின் படத்தைக் காட்டியதும் எந்தப் புடவை என்று கேட்கிறாள். ஆனால் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்க ஆள் வேண்டும். அப்பாவை நம்ப முடியாது. அக்காவை வரச் சொல்லியிருக்கிறேன்.