ஒளிந்திருந்த சிக்லிட்களும் எங்கள் விஞ்ஞான வகுப்பறையும்

நம் பாடசாலையின் விஞ்ஞான வகுப்பறையில் பின்சுவரை ஒட்டி நின்ற நீண்ட மீன்தொட்டியைப் பழைய மாணவர் சங்க உறுப்பினர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அது அங்கே வந்து சேர்ந்த ஆண்டில் அவ்வகுப்பில் படித்த எங்களுக்கோ, முதல் தவணையின் பெரும்பகுதியில் அத்தொட்டி வெறும் தண்ணீரும் கல்லும் செடியுமாகவே காட்சியளித்தது. உள்ளே சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த இளம் மீன்கள் சில இருந்தன. ஆனால் நாங்கள் வகுப்புக்குள் நுழையும் ஓசை கேட்டதும் அவை குகைகளுக்குள் புகுந்துவிடும், நாங்கள் வெளியேறும் வரை வரமாட்டா. அவற்றை வெளியே வரச் செய்வதற்கு எங்கள் விலங்கியல் ஆசிரியர் செய்தவற்றை, அன்று நான் எழுதிவைத்த அவதானிப்புக் கொப்பியின் துணையோடு இங்கே பதிவு செய்கிறேன். பின்னாளில் நானே பல வகைச் சிக்லிட்களை வளர்த்துப் பார்த்த பிறகும், அவர் செய்தவற்றில் மாற்றவேண்டியது என எதையும் நான் காணவில்லை.

அம்மீன்கள் கிரிபென்சிஸ் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. தென் நைஜீரியாவிலும் கமரூனின் கரையோரப் பகுதியிலும் உள்ள ஆறுகளும் ஓடைகளும் அவற்றின் தாயகம். தொட்டியில் ஆண்மீன் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் வரை வளரும். பெண்மீன் அதைவிடச் சிறியது, ஆயினும் வயிற்றில் செந்நாவல் நிறம் ஏறும்போது அதுவே அழகில் விஞ்சி நிற்கும். சிக்லிட் குடும்பத்தில் 1,700க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன; உணவுக்காக வளர்க்கப்படும் திலாப்பியாவும் கண்ணாடித்தொட்டிகளில் மிதந்து திரியும் ஏஞ்சல் மீனும் இதே குடும்பத்தவையே. மூக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு துளைதான் இருக்கும் என்பதையும், தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்று உண்டு என்பதையும் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். படத்தைப் பார்த்தோமே தவிர, மீனைப் பார்க்க முடியவில்லை என்பதுதான் எங்கள் குறையாக இருந்தது.

மறைவிடங்களை எடுத்துவிட்டால் மீன்கள் வெளியே தெரியத்தானே வேண்டும் என்று வகுப்பில் பலரும் சொன்னார்கள். சிரட்டைகளையும் மண்சட்டிகளையும் அகற்றிவிடலாம் என்பது ஏறத்தாழ வகுப்பின் ஒருமித்த தீர்மானமாகவே இருந்தது. ஆசிரியர் அதற்கு உடன்படவில்லை. ஒளிய இடமில்லாத மீன் துணிவு பெறுவதில்லை. அது தொட்டியின் மூலையில் ஒடுங்கி, நிறம் வெளிறி, துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உணவையும் மறுத்து நோயில் விழும் என்று அவர் விளக்கினார். ஒரு மீன் திறந்த வெளியில் எவ்வளவு தூரம் நீந்தத் துணியும் என்பது, ஆபத்து வந்தால் எவ்வளவு விரைவில் மறைவிடத்தை அடையலாம் என்பதைப் பொறுத்தது. ஆகவே மறைவிடம் பெருகப் பெருக மீன் வெளியே நிற்கும் நேரமும் பெருகும். இதை அவர் சொன்னபோது எங்களில் எவருக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆயினும் அவர் சொன்னபடியே இன்னும் சில அரைச்சிரட்டைகளின் விளிம்பில் மீன் நுழையும் அளவுக்கு மட்டும் வாயில் வெட்டி, மீன்களின் எண்ணிக்கையைவிடக் குகைகளின் எண்ணிக்கை கூடியிருக்கும்படி மணலில் கவிழ்த்து வைத்தோம். ஒரு குகையின் வாயிலில் நிற்கும் மீன் அடுத்த குகையின் வாயிலைப் பாராதபடி இடையிடையே மரவேர்த் துண்டுகளையும், அவற்றில் கட்டிய ஜாவா பாசியையும் அனூபியஸ் செடிகளையும் நிறுத்தினோம். கிரிபென்சிஸ் மணலைக் கிண்டும் பழக்கமுடையது. வேர் மண்ணுக்குள் இறங்காத இச்செடிகளை அது பெயர்த்து எறியாது.

இதற்கெல்லாம் முன்பாகவே அவர் ஒன்றைச் சரிபார்த்திருந்தார். ஒளிந்திருப்பது அச்சத்தாலா, நோயாலா என்பதுதான் அது. நோயுற்ற மீனின் செவுள்கள் விரைந்து அடிக்கும். ஆளில்லாத நேரத்திலும் அது உண்ணாது. எங்கள் மீன்கள் மாலையில் இட்ட உணவைக் காலைக்குள் தின்று தீர்த்திருந்தன. தண்ணீரில் மீன்கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்பதைச் சோதனைத் துளிகள் காட்டின; வெப்பநிலை 25 பாகை செல்சியஸ் அளவில் நின்றது. வாரந்தோறும் கால்பங்குத் தண்ணீர் மாற்றப்பட்டது. தண்ணீரில் பிழை இருக்கும்போது மீனின் கூச்சத்தை மட்டும் போக்க முயல்வது வீண்வேலை என்று நானும் உறுதியாகக் கருதுகிறேன்.

அடுத்து அவர் திருத்தியது தொட்டியை அல்ல, எங்களை. மீனின் உடலின் இருபக்கமும் ஓடும் பக்கக்கோடு எனும் உணர்வுறுப்பு நீரின் மெல்லிய அசைவைக்கூட உணரும். ஒலியோ காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்ல, நீரில் 1,480 மீற்றர் அளவில் செல்கிறது. கண்ணாடியில் ஒருவர் விரலால் தட்டுவதும், தொட்டி நிற்கும் தரையில் வாங்கை இழுப்பதும் உள்ளே எப்படி இருக்கும் என்பதை அவர் எங்களை உணரச் செய்த விதம் எளிமையானது: மேசையின் ஒரு முனையில் காதை வைக்கச் சொல்லி, மறுமுனையில் நகத்தால் கீறினார். அன்றிலிருந்து கண்ணாடியை எவரும் தட்டவில்லை. வாங்குக் கால்களுக்குத் துணி சுற்றினோம். தொட்டியின் முன் ஒரு மீற்றர் தூரத்தில் தரையில் கோடு வரைந்து, அதற்கு அப்பால் அமர்ந்து பார்ப்பது என்று விதித்துக்கொண்டோம்.

அமர்ந்து பார்ப்பது முக்கியம். ஆற்றோரத்து மீனுக்கு ஆபத்து பெரும்பாலும் மேலிருந்துதான், கொக்கு வடிவிலும் மீன்கொத்தி வடிவிலும் வருகிறது. எனவே மேலிருந்து சாயும் நிழல் எதுவும் அதற்குப் பகையாகவே தோன்றும். இக்காரணத்தால் தாழ்வான பலகையில் இருந்த தொட்டி, அமர்ந்திருக்கும் எங்கள் கண்மட்டத்துக்கு வரும்படி உயரமான மேசைக்கு மாற்றப்பட்டது. பின்புறமும் இருபக்கமும் கறுப்புக் கடதாசியால் மூடப்பட்டன. மீனுக்கு இமை இல்லை. இருட்டில் திடீரென எரியும் விளக்கு அதைத் திகைக்க வைக்கும். ஆகவே காலையில் முதலில் சன்னல்களைத் திறந்து, அறை வெளிச்சத்துக்குப் பழகிய பின்னரே தொட்டி விளக்கைப் போட்டோம். நீர்மேல் மிதக்கும் செடிகள் அந்த ஒளியையும் பாதியாக்கின. இந்த நிழற்பகுதிகளில்தான் மீனின் தலை முதன்முதலாகக் குகைக்கு வெளியே நீண்டதை நாங்கள் கண்டோம்.

உணவிடும் பொறுப்பு ஒரே மாணவியிடம், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் என ஒப்படைக்கப்பட்டது. அம்மாணவி முதலில் நுளம்புக் குடம்பிகளைக் குகை வாயில்களின் அருகிலேயே நீண்ட குழாய் ஒன்றினால் இறக்கினார்; பின் சிறிது சிறிதாக முன் கண்ணாடியை நோக்கி அந்த இடத்தை நகர்த்தினார். இங்கே இரண்டு வேறு வகைக் கற்றல் நடைபெறுகிறது என்று ஆசிரியர் பிரித்துக் காட்டியது எனக்கு மிகப் பயன்பட்டது. தீங்கு செய்யாத ஓசையும் அசைவும் மீளமீள நிகழும்போது மீன் அவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவது ஒன்று. ஓர் ஆளின் வருகையை உணவோடு தொடர்புபடுத்திக் கொள்வது மற்றொன்று. முதலாவது நிகழாமல் இரண்டாவதை மட்டும் அவசரப்படுத்தினால், மீன் பாய்ந்து வந்து ஒரு வாய் பற்றிக்கொண்டு ஓடிவிடுமேயன்றி வெளியே தங்காது. விடுமுறை முடிந்து திரும்பியபோது பழகியதில் ஒரு பகுதி கரைந்துபோயிருந்தது. ஆயினும் மறுமுறை பழகுவதற்கு முதல்முறை போல நீண்டகாலம் தேவைப்படவில்லை.

இத்தனைக்குப் பிறகும் மீன்கள் வாயிலிலேயே நின்றன. அப்போதுதான் ஆசிரியர் துணைமீன்களைக் கொண்டுவந்தார். மீன் வளர்ப்போர் இவற்றை டிதர் மீன்கள் என்பார்கள். சிக்லிட் நடத்தையை ஆராய்ந்த ஜார்ஜ் பார்லோ என்னும் அமெரிக்க அறிஞர், ஆய்வுத்தொட்டிகளில் அஞ்சி ஒடுங்கும் மீன்களின் அச்சத்தைக் குறைக்கும் வழியாக இதை 1968ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். சிறிய மீன்களின் கூட்டம் ஒன்று மேல்மட்டத்தில் கவலையின்றித் திரிந்தால், அருகில் கொன்றுண்ணி இல்லை என்பதற்கு அதுவே சான்று; அக்கூட்டம் கலையாதிருக்கும் வரை கீழே இருக்கும் சிக்லிட் தானும் வெளியே வரலாம் எனக் கொள்கிறது.

எந்த மீனைத் துணையாக விடுவது என்பதில் அவர் மிகவும் கவனமாக இருந்தார். துணைமீன் குகைக்குப் போட்டியிடக் கூடாது. துடுப்பைக் கடிக்கக் கூடாது. சிக்லிட்டின் வாய்க்குள் போகும் அளவுக்குச் சிறியதாகவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றிலும் மேலாக, அது தானே அஞ்சும் இயல்புடையதாக இருக்கக் கூடாது, ஏனெனில் துணிவைப் போலவே அச்சமும் மீனிலிருந்து மீனுக்குப் பரவும். அவர் தெரிந்தெடுத்தது நீலக்கோடுகள் கொண்ட ஜீப்ரா டேனியோ. ஓரிரண்டை விட்டால் அவையே பதறித் திரியும் என்பதால் பத்துக்கு மேற்பட்டவற்றை ஒன்றாக விட்டார். அவற்றை வலையால் அள்ளாமல் கிண்ணத்தில் தண்ணீரோடு முகந்து மாற்றியதற்கும் காரணம் சொன்னார்: இத்தகைய மீன்களின் தோல் காயப்பட்டால் அதிலிருந்து கசியும் பொருள் ஒன்று தன் இனத்தார் முழுவதையும் அச்சுறுத்திவிடும் என்பதை 1938இல் கார்ல் வொன் பிரிஷ் விளக்கியிருந்தார். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பின்னர் நோபல் பரிசு பெற்றவரும் அவரே.

டேனியோக்கள் வந்த வாரத்திலேயே மாற்றம் தெரிந்தது. கொப்பியில் நான் எழுதியிருக்கும் வரிகளில், "வாயிலில் தலை" என்பது மறைந்து "மணலில் மேய்கிறது" என்பது வருகிறது. பின்னர் "முன்கண்ணாடி அருகே" என்பது அடிக்கடி வருகிறது. வெளிறியிருந்த உடலில் கரும்பட்டை தெளிந்தது; மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியே விடுவதை அப்போதுதான் நேரில் கண்டோம். அச்சம் நீங்கிய மீனின் இயல்பான நடத்தையைப் பார்ப்பதற்கு ஈடாக வேறெந்தப் பாடத்தையும் அவ்வகுப்பறையில் நான் பெற்றதாகச் சொல்ல மாட்டேன்.

அடுத்த தவணையில் ஓர் இணை சேர்ந்தது. பெண்மீன் செந்நாவல் வயிற்றைக் காட்டி உடலை வளைத்து ஆண்மீனின் முன் நடுங்கியது. இணை சேர்ந்தபின் தொட்டியின் அடித்தளம் முழுவதையும் அவையிரண்டும் தமதாக்கிக்கொண்டதால், மற்றச் சிக்லிட்கள் வேறு தொட்டிக்கு மாற்றப்பட்டன. முட்டைகள் சிரட்டையின் உட்கூரையில் ஒட்டப்பட்டிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. தாய்மீன் குகையைவிட்டு அகலாததிலிருந்து ஊகித்தோம். ஒரு வாரம் கடந்து, கண்ணுக்குப் புள்ளிகளாகத் தெரிந்த குஞ்சுகளை இரு பெற்றோரும் மணல்மேல் நடத்திச் சென்றபோது, எங்களைக் கண்டு ஓடிய அதே மீன்கள் கண்ணாடி வரை வந்து துடுப்பை விரித்து எங்களை எதிர்த்து நின்றன. டேனியோக்கள் அப்போதும் பயன்பட்டன. துரத்துவதற்கு வேறொரு மீன் இருக்கும்போது இணை தமக்குள் சண்டையிடுவது குறைவு. தொட்டி நீளமாக இருந்ததால் டேனியோக்களுக்கும் மேல்மட்டத்தில் ஒதுங்க இடம் இருந்தது. சில குஞ்சுகளை அவை விழுங்கியதையும் கண்டோம். அதற்காக அவற்றை எடுத்துவிட வேண்டுமென்று கேட்டவர்களுக்கு, குஞ்சுகளில் ஒரு பகுதியைக் குழாயால் உறிஞ்சித் தனித்தொட்டியில் வளர்க்கும் வேலையை ஆசிரியர் கொடுத்தார்.

இப்போது வாழும் நாடுகளில் தம் பிள்ளைகளின் வகுப்பறைக்கு இத்தகைய தொட்டியொன்றை அமைத்துக்கொடுக்க விரும்பும் உறுப்பினர்கள், எங்கள் வகுப்பில் நிகழ்ந்த வரிசையைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். முதலில் குகைகளும் செடிகளும். தண்ணீர் பக்குவப்பட ஆறு வாரம் வரை பொறுத்தல். பிறகு டேனியோக் கூட்டம். அது அறையின் ஓசைக்குப் பழகி அமைதியாகத் திரியத் தொடங்கிய பின்னர் மட்டும் இளம் சிக்லிட்கள். அப்படி விடப்படும் சிக்லிட்கள் நாங்கள் காத்திருந்ததைப் போல ஒரு தவணை முழுவதும் காக்க வைப்பதில்லை.