தந்தையார் இட்ட காவிக் கோடு: ஏரல் நாட்குறிப்பு

21 டிசம்பர் 2023, வியாழன்

நான்கு நாட்களுக்குப் பிறகு இன்று காலையில்தான் தெருவில் இறங்கி நடக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை மழை வலுத்ததும் அம்மாவை மாடியறைக்குக் கூட்டிச் சென்றுவிட்டோம். மாத்திரைப் பெட்டியையும் அரிசியையும் எடுக்க நான் மறுபடி கீழே வந்தபோது திண்ணை ஓரம் நனைந்திருந்தது. சமையலறைக்குள் போய்த் திரும்புவதற்குள் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தாமிரபரணி ஆற்றுப் பக்கமிருந்து வரும் என்றுதான் கொல்லை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தெரு வாசல் வழியாக வந்தது.

மின்சாரமும் கைப்பேசியும் இல்லாத அந்த இரண்டு இரவுகளிலும் குளிர்பதனப் பெட்டி கீழே மிதந்து சுவரில் மோதும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் அது பூஜை அறை வாசலில் குறுக்கே படுத்துக் கிடந்தது. அதை நகர்த்த நான்கு பேர் வேண்டியிருந்தது.

24 டிசம்பர் 2023, ஞாயிறு

பழைய நாளிதழ்கள் கைக்குக் கிடைத்தன. 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பெய்திருக்கிறது. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே ஏறக்குறைய 65 செ.மீ.தான். அது புயல்கூட அல்ல. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட ஒரு வளிமண்டலச் சுழற்சி. பெயர் வைக்கப்படாத மழைக்கு யாரும் மூட்டை கட்டுவதில்லை என்பது இந்த ஊருக்கு இப்போது புரிந்திருக்கும்.

தேநீர்க் கடையில் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "அணையைத் திறந்துவிட்டார்கள்." பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீர் வந்தது உண்மை, ஆற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் ஓடியதும் உண்மை. ஆனால் அந்த அணைகள் மலையடிவாரத்தில் இருக்கின்றன. மழையோ கடற்கரை வரை எங்கள் தலை மேலேயே கொட்டியிருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் இருப்பது தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. வடகால், தென்கால் என்ற பாசனக் கால்வாய்களுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவதுதான் அதன் வேலை, வெள்ளத்தைத் தாங்கி நிறுத்துவது அன்று. அதற்குக் கீழே வரிசையாக இருக்கும் குளங்கள் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்து, சிலவற்றின் கரைகள் உடைந்து, ஆற்றோடு சேர்ந்துகொண்டன. எங்கள் வீட்டுக்குத் தெரு வழியாகத் தண்ணீர் வந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

தொலைக்காட்சிகளுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் விரைவு ரயில்தான் பெரிய செய்தி. பாவம், ஏறக்குறைய எண்ணூறு பேர் அதில் இருந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான் தங்களிடம் இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள். கீழிருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும் படத்தைத் தம்பி காட்டினான்.

28 டிசம்பர் 2023, வியாழன்

நாள் முழுவதும் காகிதங்களோடு போராட்டம். பத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை போல ஆகியிருந்தன. மாடியில் வேட்டியை விரித்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மேலே அரிசி அளக்கும் படி, பாக்குவெட்டி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் பாரமாக வைத்தேன். பத்திர எழுத்தரின் கறுப்பு மை அப்படியே நிற்கிறது. முத்திரையின் ஊதா மை மட்டும் கரைந்து தாள் முழுவதும் பரவியிருக்கிறது.

அவற்றுக்கிடையே தந்தையாரின் கட்டடக் கணக்கு நோட்டு இருந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தில் பழைய ஓட்டு வீடு விழுந்த பிறகு, 1994இல் அவர் இந்த வீட்டைக் கட்டியபோது எழுதியது. செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார் கூலி என்று நீளும் பட்டியலின் நடுவே, "தெரு மட்டத்திலிருந்து வெள்ளம் மூன்று அடி, நாம் மூன்றரை அடி தூக்கியாயிற்று, இனிக் கவலையில்லை" என்று எழுதியிருக்கிறார். முன்வாசல் தூணில் 92ஆம் ஆண்டு வெள்ள மட்டத்தைக் காவியால் கோடிட்டு வைத்ததும் அவரே. வீட்டுக்கு வருபவர்களிடம் அந்தக் கோட்டைக் காட்டி, தரை அதைவிட அரை அடி உயரம் என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

9 ஜனவரி 2024, செவ்வாய்

நியாயவிலைக் கடையில் கிடைத்த நிவாரணத் தொகை 6,000 ரூபாயில், மண் அள்ளிய ஆட்களின் கூலிக்கே பெரும்பகுதி போய்விட்டது. குறை சொல்லவில்லை, கணக்குக்காக எழுதுகிறேன்.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. தண்டவாளம் போன அதே இடத்தில் மண் கொட்டி, ஜல்லி பரப்பி, மீண்டும் பதித்திருக்கிறார்கள். எங்கள் உயர்மட்டப் பாலத்தின் கதையும் அதுவே: பாலம் நின்றது, அதனோடு சேரும் மண்மேட்டுச் சாலைதான் அறுந்தது. ஆற்றின் அகலத்தில் ஒரு பங்குக்குப் பாலம் கட்டி, மீதியை மண்மேட்டால் அடைத்தால், பெருவெள்ளத்தில் அந்த மேடு அணையாகத்தானே நிற்கும்? தூண்களில் அமலைச்செடி என்னும் ஆகாயத்தாமரையும் வேரோடு வந்த மரங்களும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் தனக்குரிய அகலத்தை மறுபடி எடுத்துக்கொண்டது. இப்போது அதே இடத்தில்தான் மண் கொட்டுகிறார்கள். அவசரத்துக்கு வேறு வழியில்லை என்பதும் எனக்குத் தெரியும்; குரும்பூருக்குப் போக நாங்கள் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்து நிற்கிறோம்.

18 பிப்ரவரி 2024, ஞாயிறு

கொத்தனார் வந்தார். வீட்டை இடிக்காமல் தரையை உயர்த்த முடியுமா என்று கேட்டிருந்தேன். ஒளி ஊடுருவும் நீண்ட டியூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கையில் கொடுத்து, கூடத்துச் சுவரில் படிந்திருந்த வண்டல் கோட்டில் பிடிக்கச் சொன்னார். மறுமுனையைத் தந்தையாரின் காவிக் கோடு இருக்கும் தூணுக்குக் கொண்டுபோனார். டியூப்பில் நீர் ஆடி, ஆடி, அடங்கி நின்றது. அந்த இடத்தில் கரிக்கட்டையால் கீறிவிட்டு நாடாவைப் பிடித்தார்.

இந்த வெள்ளம் கூடத்துத் தரைக்கு மேல் ஐந்தேகால் அடி. காவிக் கோட்டுக்கு மேல் ஐந்தேமுக்கால் அடி. கரிக் கீற்றைப் பார்க்க நான் அண்ணாந்து நிற்க வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, இதுக்கு மேல பேஸ்மட்டம் போடணும்னா தெருவுலேர்ந்து ஒம்பது அடி வேணும். வீட்டுக்குள்ள ஏற ஏணிதான் வைக்கணும்" என்றார். பின்பு சற்று யோசித்து, முழுவதும் வேண்டாம், மூன்றடி உயர்த்தி முற்றத்திலும் கொல்லையிலும் செம்மண் அடித்துவிடலாம், இந்தத் தெருவில் ஆறு வீடுகளுக்கு அப்படித்தான் பேசியிருக்கிறேன் என்றார்.

பக்கத்து வீட்டு ஆச்சி வேலி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க எல்லாரும் மண்ணடிச்சு மேல போயிட்டா, தண்ணி எங்கய்யா நிக்கும்? எங்க வீட்லதான நிக்கும்?" என்று கேட்டார். கொத்தனார் டியூப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நானும் பதில் சொல்லவில்லை. 1994இல் தந்தையார் தரையை உயர்த்தியதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் ஆச்சியின் முற்றத்தில் தண்ணீர் தேங்குகிறது என்பதும், அதை நாங்கள் யாரும் ஒரு முறைகூடப் பேசியதில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

3 மார்ச் 2024, ஞாயிறு

மகளைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போன இடத்தில் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குச் சென்றேன். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் கோயில்; வெள்ளம் வந்தால் மூழ்கும், வடிந்தால் வெளியே வரும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்த சுவரைப் படகின் முனை போலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் அதில் பட்டு இரண்டாகப் பிரிந்து போகும். ஆறு உயரும்போது உற்சவரையும் உண்டியலையும் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். மூலவர் கல்லோடு கல்லாக நீருக்குள் இருக்கிறார். பின்பு மணலை அள்ளிக் கழுவிவிட்டு மறுபடி பூஜை தொடங்குகிறது.

திரும்பும் பேருந்தில் என் வீட்டில் எவை மூலவர், எவை உற்சவர் என்று பட்டியல் போட்டுக்கொண்டே வந்தேன். அம்மாவின் கட்டில், பத்திரங்கள், அரிசி, எரிவாயு உருளை, தண்ணீர் மோட்டார். மோட்டாரைக் கிணற்றடியில் வைத்தே ஆக வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது?

16 ஜூன் 2024, ஞாயிறு

தம்பியோடு வாக்குவாதம். நாசரேத் பக்கம் தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டி மேட்டு நிலம் பார்த்து வைத்திருக்கிறான். இருவரும் போய்விடலாம் என்கிறான். ஆனால் அவனுடைய பாத்திரக் கடை இங்கே பஜாரில்தான் இருக்கும், அதை நகர்த்த மாட்டானாம். "கடை இங்கே, வீடு அங்கே என்றால் வெள்ளத்தன்று கடையைப் பார்க்க நீ எங்கிருந்து வருவாய்?" என்று கேட்டேன். சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் சாமான் வாங்க வரும் பஜார் இது. வியாபாரம் மேட்டுக்கு ஏறி வராது என்பதில் அவன் உறுதியாக இருக்கிறான். அதுவும் சரிதான். ஆற்றங்கரையாக இருந்ததால்தான் இந்த ஊரே உண்டாயிற்று. வாழையும், ஆத்தூர்க் கொடிக்கால்களின் வெற்றிலையும் இந்தப் படுகையில் விளைபவை. சென்ற ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்த வெற்றிலை தேரி மணலில் துளிர்க்காது.

வெள்ளநீர்க் கால்வாய் வந்துவிட்டதால் இனி அச்சமில்லை என்பது அவனுடைய இன்னொரு வாதம். கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு வரை 2009இல் தொடங்கி வெட்டிய அந்தக் கால்வாயை நானும் வரவேற்கிறேன். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட குளங்களுக்கு அது வரம். ஆனால் அதன் கொள்ளளவு விநாடிக்கு 3,200 கன அடி. சென்ற டிசம்பரில் ஓடியது ஒரு லட்சத்துக்கு மேல். கழித்துப் பார்க்கச் சொன்னேன். அவன் தேநீரை முடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

22 செப்டம்பர் 2024, ஞாயிறு

வேலை முடிந்தது. மண் அடிக்கவில்லை. கீழ்த்தளத்தில் மர அலமாரிகளை எடுத்துவிட்டு, கடப்பைக்கல் தட்டுகள் மட்டும் பதித்திருக்கிறோம். மின்இணைப்புப் பெட்டியும் மோட்டாரும் மாடிப்படித் திருப்பத்துக்கு ஏறிவிட்டன, சமையலறை மாடியில். ஆச்சி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இருந்த சுற்றுச்சுவரின் கீழ்ப்பகுதியை உடைத்து, தண்ணீர் போக மூன்று இடங்களில் கண் விட்டிருக்கிறது. அம்மாவுக்கு மாடி வாசம் பிடிக்கவில்லை. தெருவில் போகிறவர்களோடு பேச முடியாமல் சிறை வைத்ததைப் போலிருக்கிறது என்கிறார். அதற்கு என்னிடம் வழியில்லை.

தெருவில் மற்ற ஆறு வீடுகளும் உயர்ந்துவிட்டன. கரிக் கீற்று மட்டத்துக்கு ஒருவரும் போகவில்லை. எல்லாம் மூன்றடி, மூன்றரை அடி.

13 டிசம்பர் 2024, வெள்ளி

திருக்கார்த்திகை. நேற்றிலிருந்து விடாத மழை. மலையில் ஊத்து எஸ்டேட்டில் 54 செ.மீ. என்று செய்தி வந்ததும் தெருவில் பேச்சு நின்றுவிட்டது. குறுக்குத்துறைக் கோயில் மூழ்கிவிட்டதாக மகள் மதியம் அழைத்துச் சொன்னாள். மலையில் பெய்தது எங்களிடம் வந்து சேர இரவாகும்.

மாலையில் ஆச்சியையும் அவர் பேத்தியையும் மாடிக்கு வரச் சொன்னோம். விளக்கேற்றாமல் வரமாட்டேன் என்று, குடையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் இரண்டு அகல்களை வைத்துவிட்டுத்தான் வந்தார். தம்பி கடையின் கீழ்த்தட்டுச் சரக்கை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறான். இந்த முறை சொல்லாமலே செய்கிறான்.

14 டிசம்பர் 2024, சனி

ஆற்றைக் கடக்கும் பழைய தாம்போதி, அதாவது தரைப்பாலம், நீருக்குள் போய்விட்டது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் கொல்லையில் தண்ணீர் ஏறி, சுவரில் விட்ட கண்கள் வழியாக ஆச்சியின் முற்றத்துக்குப் போய், அங்கிருந்து ஓடைப் பக்கம் வடிந்தது. கைவிளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் இரண்டாம் படியோடு நின்றது. காவிக் கோட்டுக்கு இன்னும் ஒன்றரை அடி இருந்தது. ஆச்சியின் வாசற்படி அகல்களில் ஒன்றைக் காணவில்லை.

காலையில் எதிர்வீட்டுக்காரர் தம்முடைய புதிய மூன்றடி மேட்டில் நின்றுகொண்டு, "பாத்தீங்களா அண்ணாச்சி, இந்தத் தடவ நமக்கு ஒண்ணும் வரல, போட்ட மட்டம் சரியாப் போச்சு" என்றார். நான் தூணில் இருந்த கரிக் கீற்றைப் பார்த்தேன். மழையில் பாதி அழிந்திருக்கிறது. வெயில் வந்ததும் காவி வாங்கிவந்து அழுத்தமாக இழுத்துவிட வேண்டும்.